மழைக்கு முன்னால் தலைகளை எண்ணுங்கள்

புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை, மளிகைக் கடையில் முதலில் தீர்ந்துபோவது பால் பாக்கெட். அடுத்தது பிரெட், அப்புறம் மெழுகுவத்தி. ஆறு மணிக்கு மேல் போனால் கடைக்காரர் கையை மட்டும் விரிப்பார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்த ஊர்க் கடையிலும் இதே கதைதான். கிடைத்ததை வாங்கி வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, ‘நமக்குப் போதும்’ என்று நிம்மதியாக உட்காருகிறார்கள்.

அந்த ‘நமக்கு’ என்பதில் எத்தனை பேர்? இந்தப் பக்கத்து வீடுகளில் கணக்கு தப்புவது அங்கேதான்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை வீடுதான். ஆனால் இந்தப் பக்கம் தேடினால் அதே மாதிரி பத்து வீடாவது கிடைக்கும். முன்னால் சொந்த வீடு, கான்கிரீட் தளம். அதில் தாத்தா, ஆயா, மகன், மருமகள் என நான்கு பேர். பின்னால் ஒரு காலத்தில் நெல் அடித்த களம். தொழிற்சாலைகள் வந்த பிறகு அந்தக் களத்தில் ஐந்து அறை கட்டி, மேலே சிமென்ட் ஷீட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு அறைகளில் திருவண்ணாமலை, அரியலூர் பக்கத்துப் பெண்கள் ஆறு பேர். இரண்டு அறைகளில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் எட்டுப் பேர். கடைசி அறையில் ஓர் இளம் தம்பதி, அவர்களுடைய கைக்குழந்தை.

ஆக, அந்த வாசலுக்குள் 21 பேர். ஆனால் மருமகள் கடையில் வாங்கி வந்தது நான்கு பேருக்கு.

பனி இல்லாத ஊரின் பனிப்புயல்

குளிர் நாடுகளில் பனிப்புயல் வந்தால் கிராமத்து வீடுகள் நாள் கணக்கில் துண்டித்துப் போகும். சாலை மூடிவிடும், மின்சாரம் போய்விடும், கடைக்குப் போக முடியாது. நம் நாட்டிலேயே காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் வரும் கடுங்குளிருக்கு ‘சில்லாய் கலான்’ என்று பெயர். அதற்காக அங்கே கோடையிலேயே கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய் எல்லாம் நறுக்கிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். மொட்டை மாடியில் வற்றல் போடும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இந்தப் பக்கத்தில் மார்கழிப் பனி வாசல் கோலத்தை நனைப்பதோடு சரி. பனிப்புயலின் இடத்தில் இங்கே இருப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதோடு வரும் புயலும். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் வேறு. பனி வாசலிலேயே நின்றுவிடும், தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இங்கிருப்பவர்களுக்கு நினைவில் நிற்கும் புயல் மழை மூன்று. மூன்றும் மூன்று விதம்.

2015: காற்று பெரிதாக இல்லை, தண்ணீர்தான். டிசம்பர் 2-ம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் உற்பத்தி நின்றது.

2016: வர்தா. டிசம்பர் 12-ம் தேதி கரை கடந்தது. அன்று காற்றுதான் எதிரி. ஆயிரக்கணக்கில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மழை விட்ட பிறகும் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

2023: மிக்ஜாம். கரை கடந்தது டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் மழை விடவே இல்லை. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான், பெகாட்ரான் ஆலைகள்கூட உற்பத்தியை நிறுத்தி வைத்தன.

இந்த மூன்றாவது செய்தியில் வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சாதாரண நாளில் அந்த ஐந்து அறைகளில் பாதிப் பேர் ஷிப்ட்டில் இருப்பார்கள். குளிப்பதும் சாப்பிடுவதும் பாதி கம்பெனியிலேயே முடிந்துவிடும். ஆலை விடுமுறை விட்டு, கம்பெனி பஸ் வராத நாளில்தான் 21 பேரும் ஒரே நேரத்தில் அந்த வாசலுக்குள் இருப்பார்கள். மின்சாரமும் தண்ணீரும் இல்லாத அதே நாளில்!

21 பேருக்குத் தண்ணீர்க் கணக்கு

குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை நான்கு நாள். வீட்டுக்காரர்கள் நான்கு பேருக்கு மட்டும் 64 லிட்டர், மூன்றே கால் கேன். 21 பேருக்குக் கணக்குப் போட்டால் 336 லிட்டர், 20 லிட்டர் கேன் பதினேழு. கேன் போடும் வண்டி மழைக்கு முந்தின நாளே திண்டாடும். அடைமழையில் வரவே வராது.

அடுத்தது மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி. கிராமத்து வீடுகளுக்கு ஒரு நபருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில் 21 பேர் புழங்கினால் தொட்டி ஒரு நாள்கூடத் தாங்காது. கரண்ட் இல்லாவிட்டால் போர் மோட்டாரும் ஓடாது. அதே தண்ணீரை ஆளுக்கு 15 லிட்டர் என்று கட்டுப்படுத்தினால் மூன்று நாள் வரும். ஆனால் ‘கட்டுப்படுத்துவோம்’ என்று 21 பேரிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தொட்டி காலியான பிறகு சொன்னால் அது சண்டையில்தான் முடியும்.

இவ்வளவு மழையிலும் தண்ணீர்ப் பஞ்சமா என்று சிரிக்க வேண்டாம். ஆனால் அந்த மழையே உதவும். 10-க்கு 10 அடி ஷீட்டின் மேல் ஒரு செ.மீ. மழை விழுந்தால் சுமார் 93 லிட்டர். ஷீட்டின் ஓரத்தில் டிரம், அண்டா, பக்கெட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டால் கழிப்பறைக்கும் பாத்திரம் கழுவவும் கவலை இல்லை. குடிக்க மட்டும் அந்தத் தண்ணீர் வேண்டாம். டிரம்மை மூடி வையுங்கள், குழந்தை இருக்கும் வீடு.

தண்ணீர் போகும் வழி ஆயாவுக்குத் தெரியும்

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. இடையில் எத்தனையோ தாங்கல்கள், ஓடைகள், வரத்துக் கால்வாய்கள்.

ஒரு ஏக்கர் நிலத்தில் 20 செ.மீ. மழை பெய்தால் எட்டு லட்சம் லிட்டர் தண்ணீர். வயலாக இருந்தபோது அதில் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், கொஞ்சம் வரப்புக்குள் நிற்கும். அதே இடம் தார் ரோடாகவும் சிமென்ட் தரையாகவும் மாறிவிட்டால் அத்தனையும் ஓடத்தான் செய்யும். சாலை உயர்ந்திருக்கும், சுற்றுச்சுவர் வந்திருக்கும், பழைய ஓடை குழாயாகச் சுருங்கியிருக்கும். அதனால் போன தடவை வராத இடத்துக்கும் இந்தத் தடவை தண்ணீர் வரலாம். ஆனால் போன தடவை வந்த இடத்துக்கு மறுபடி வரும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அந்தக் கற்பனை வீட்டில் இது ஆயாவுக்கு நன்றாகத் தெரியும். 2015-ல் பின்பக்கக் களத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்போது அங்கே அறைகள் இல்லை, வைக்கோல் போர் மட்டும்தான். பிறகு களத்தின் மேற்கு ஓரத்தில், எல்லாவற்றையும் விடத் தாழ்ந்த இடத்தில், இரண்டு அறை கட்டினார்கள். ஒடிசா பையன்கள் இருப்பது அங்கேதான்.

இதை அந்தப் பையன்களிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் வாடகைக்கு யார் வருவார்கள் என்று மகனுக்குத் தயக்கம். ‘நம்ம வாயால நாமளே கெடுத்துக்கணுமா?’ என்று கேட்பார்.

மழைக்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளில் மிகக் கஷ்டமானது இதுதான். பிரெட், மெழுகுவத்தி எல்லாம் காசு கொடுத்தால் வரும். ‘நீங்கள் படுக்கும் இடத்தில் தண்ணீர் வரும்’ என்று சொல்ல மனசு வர வேண்டும். சொல்லாமல் விட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீரே வந்து சொல்லிவிடும். அதற்குள் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கரண்ட் இருக்குமா, இல்லையா என்பது அவரவர் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எட்டு உயிரை விட முடியாது.

ஆயா டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறார்.

“தம்பிங்களா, நாளைக்கு ராத்திரி இங்க படுக்காதீங்க. இந்த இடத்துல தண்ணி ஏறும். பெட்டி படுக்கைய எடுத்துக்கிட்டு முன் வீட்டு ஹாலுக்கு வந்துடுங்க.”

அவர்களில் ஒருவனுக்குத் தமிழ் ஓரளவு வரும். “சரி ஆயா. எங்க ஊர்ல சைக்ளோன் நிறைய. எங்களுக்குத் தெரியும்.”

அவன் சொல்வது சும்மா வார்த்தை இல்லை. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2019 மே 3 அன்று வந்த ஃபானி புயலும் மிகக் கடுமையானதுதான். ஆனால் அங்கே இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. முன்கூட்டியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியதுதான் பெரிய வித்தியாசம். தாழ்ந்த இடத்தை விட்டு முதல் நாளே எழுந்து போவது எப்படி என்று அந்தப் பையன்களின் ஊருக்கு நன்றாகத் தெரியும். எந்த இடம் தாழ்வு என்பது ஆயாவுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

முதல் நாள் பகலில் முடிக்க வேண்டியவை

வானிலை ஆய்வு மையம் சொல்லும் வார்த்தைகளுக்குக் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. என்றால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. மிகக் கனமழை. 21 செ.மீ.-க்கு மேல் போனால் அதிகனமழை. டி.வி.யில் ‘அதிகனமழை’ என்று கேட்டால், எட்டு லட்சம் லிட்டர் கணக்கை நினைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்.

மாடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். தண்ணீருக்குத் தண்ணீரும் ஆச்சு, நிறைந்த தொட்டியைக் காற்று அசைக்காது.

ஷீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சரிபாருங்கள். மேலே பாரத்துக்கு வைத்த செங்கல், உடைந்த ஓடு, பழைய டயர் எல்லாவற்றையும் இறக்குங்கள். வர்தா மாதிரி காற்று வந்தால் அவைதான் முதலில் பறந்து வந்து விழும். காற்று பலமாக வீசும் நேரத்தில் ஷீட் போட்ட அறையில் யாரும் இருக்கக் கூடாது. அவர்களுக்குக் கான்கிரீட் தளம்தான் இடம்.

ஆதார், ரேஷன் கார்டு, கம்பெனி ஐ.டி., வங்கிப் புத்தகம், குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்தக் கவர்தான் சொத்து.

தாத்தாவின் மருந்தைப் பாருங்கள். குறைந்தது பத்து நாளைக்கு இருக்கட்டும். அவர் இன்சுலின் போடுபவர். ஃபிரிட்ஜ் ஓடாதே என்று பதற வேண்டாம். பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பிறகு 25 முதல் 30 டிகிரி வரையிலான சூட்டில் சுமார் நான்கு வாரம் கெடாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காத குப்பிகளை, ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் மூடிய டப்பாவில் வைத்தால் குளுமையாக இருக்கும்.

மாடு, ஆடு இருந்தால் மேட்டு இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஏறும் என்ற சந்தேகம் இருந்தால் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். கட்டிப்போட்ட மாடு நீந்த முடியாது.

சமையலுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அவல், பொரி, நொய், கேழ்வரகு மாவு, பொட்டுக்கடலை, வெல்லம், ஊறுகாய், வற்றல் போதும். அவலை ஊறவைக்க அடுப்பே தேவையில்லை. குழந்தைக்குப் பால் பவுடர். ஐந்து அறையிலும் தனித்தனியாகச் சமைத்தால் ஐந்து சிலிண்டர் செலவாகும். ஒரே அண்டாவில் கஞ்சி வைத்தால் ஒரு சிலிண்டர் நாலு நாளைக்கு வரும். அரிசியை யார் தருவது, விறகை யார் எடுத்து வைப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாருடைய போனையும் பவர் பேங்கையும் முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். அப்புறம் 21 போனும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டாம். நாளைக்கு மூன்று பேர் போன் மட்டும் போதும், மற்றவை அணைந்திருக்கட்டும். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது போன் பேச வராது. எஸ்.எம்.எஸ். போய்விடும். ஊரில் அம்மா, அப்பா பதறுவார்கள் என்பதால், ‘பத்திரமாக இருக்கிறோம், போன் அணைந்தால் பயப்பட வேண்டாம்’ என்று முதல் நாளே ஒரு வரி அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. ஆம்புலன்ஸ் 108. மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. தமிழக அரசின் ‘டி.என். அலர்ட்’ செயலியில் எச்சரிக்கைகள் வரும். தமிழ் தெரியாத பையன்களுக்கு, பல இந்திய மொழிகளில் எச்சரிக்கை தரும் ‘சசேத்’ செயலியை மழைக்கு முன்பே இறக்கித் தாருங்கள்.

இருட்டில் இருக்கும் நாட்கள்

மின்சாரம் போனதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர் வாசல் ஏறுகிறது என்றால் மின்சாரம் இருந்தாலும் அணைக்க வேண்டியதுதான், ஆனால் ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் அதில் மின்சாரம் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் இருந்தால் வெளியே, ஜன்னலுக்குத் தள்ளியே ஓட வேண்டும். கரி அடுப்பைக் குளிருக்காக மூடிய அறைக்குள் கொண்டுவரக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

காற்று பேயாக வீசிவிட்டுத் திடீரென்று நின்றால், ‘அப்பாடா, முடிந்தது’ என்று வெளியே போக வேண்டாம். புயலின் கண் மேலே கடந்துகொண்டிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

பாம்புக்கும் மேடுதான் வேண்டும். பொந்தில் தண்ணீர் புகுந்தால் அது திண்ணைக்கும் விறகுக்கும் இடையில் வந்து படுக்கும். படுக்கையை உதறாமல் படுக்காதீர்கள், செருப்பைத் தட்டாமல் போடாதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஷிப்ட்டுக்குப் போக வேண்டும் என்று சில பிள்ளைகள் துடிப்பார்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் அரை அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் வளர்ந்த ஆளையே சாய்த்துவிடும். ஓர் அடி ஆழம் சின்னக் காரை இழுத்துவிடும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளையும். சாலையின் மேல் தண்ணீர் ஓடினால், கீழே சாலை இருக்கிறதா என்பதே தெரியாது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு உண்டு. “பாப்பா, சூப்பர்வைசருக்கு மெசேஜ் போடு. தண்ணி வடிஞ்சதும் போகலாம்” என்று ஆயா சொன்னால் அந்தப் பெண்கள் நிற்பார்கள். பெற்ற தாய் பக்கத்தில் இல்லாத ஊரில் அப்படித் தடுத்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.

எல்லா ஊழியர்களும் இப்படி வாடகை அறையில் இருக்கப்போவதில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஆனாலும் இன்னும் எத்தனையோ பேருக்குக் கூரை, இந்த லைன் வீடுகளின் ஷீட்தான்.

வெயில் வந்த பிறகு

மழை விட்டதும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, மோட்டாரைப் போட வேண்டும். பொறுங்கள். தண்ணீரில் மூழ்கிய மோட்டார், ஸ்டார்ட்டர், பிளக் பாயின்ட் எதையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக் கூடாது.

கிணற்றிலோ போரிலோ வெள்ளம் புகுந்திருந்தால் ஊராட்சியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லி குளோரின் போட வையுங்கள். அதுவரை குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுவே நல்லது.

வெள்ள நீரில் நடந்தவர்கள் காலைச் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கை உலர்த்த வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். மருத்துவரிடம் ‘மழைத் தண்ணீரில் நடந்தேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் பார்க்க அந்த ஒரு வாக்கியம் உதவும்.

பாத்திரத்திலும் டயரிலும் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுங்கள். உதவி செய்த டிரம்மே ஒரு வாரம் கழித்து டெங்குக் கொசுவை வளர்க்கும்.

முன் வீட்டு ஹால்

அந்தக் கற்பனை வீட்டில் இரண்டாம் நாள் ராத்திரி மேற்கு ஓரத்து இரண்டு அறைகளிலும் தண்ணீர் ஏறிவிட்டது. கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே. உள்ளே ஆள் இல்லை. கட்டில் மேல் இரண்டு பழைய தலையணை மட்டும் இருந்தது.

ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். உள்ளறையில் பெண்கள். கைக்குழந்தை ஒருமுறை அழுதது, யாரோ தாலாட்டினார்கள், எந்த மொழி என்று இருட்டில் தெரியவில்லை. தாத்தாவுக்கு ஊசி போடும் நேரத்தில் ஓர் ஒடிசா பையன் டார்ச் பிடித்தான். மகன் வாசலில் உட்கார்ந்து படிக்கட்டில் தண்ணீர் எத்தனாவது படியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அறை கட்டுவதானால் மேற்கு ஓரத்தில் இரண்டு அடி உயர்த்தித்தான் கட்ட வேண்டும் என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அதற்கு முன் இந்த இரண்டு அறைக்கும் மழைக்கால வாடகையை வாங்குவதா, வேண்டாமா என்று மனைவி கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை, யோசித்தார்.

ஆயா மட்டும் தூங்குவதற்கு முன் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து, ஹாலிலும் உள்ளறையிலும் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு போனார்.

இருபத்தொன்று. சரியாக இருந்தது. அப்புறம்தான் படுத்தார்.